நீவி விடுவதற்கு முன்

பண்டிகைத் தள்ளுபடி விற்பனை முடிந்த சில வாரங்களில் என் புறநோயாளிப் பிரிவில் ஒரே மாதிரியான பேச்சு கேட்கத் தொடங்கிவிடும். "பையன் துபாயில இருந்து மசாஜ் கன் அனுப்பினான் டாக்டர், கழுத்துல வெச்சதுல இருந்து தலை சுத்துது." "கால் அமுக்குற மெஷின் வாங்கினோம், பாதத்துல கொப்புளம் போட்டிருச்சு." "முதுகுல தைலம் தேய்ச்சு மேல ஹீட்டிங் பெல்ட் கட்டினேன், தோல் உரிஞ்சு போச்சு." எண்ணெய்க் கிண்ணமும் பாட்டியின் கையும் மட்டுமே இருந்த வீடுகளில் இப்போது அதிரும் கருவி, அமுக்கும் கருவி, சூடேறும் பெல்ட், மின் துடிப்பு தரும் பட்டை எல்லாம் வந்துவிட்டன. யாரும் யாரிடமும் கேட்டு வாங்குவதில்லை. விலையையும் நட்சத்திரக் குறியையும் பார்த்து வாங்குகிறார்கள்.

மசாஜுக்கு நான் எதிரியல்ல. உழைத்துக் களைத்த தசைக்கும், கணினி முன் உட்கார்ந்தே இறுகிப்போன தோளுக்கும் அது இதமானது. நன்றாகத் தூங்க வைக்கும். சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளில் தொக்கணமும் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று அதையே 9 வகையாகப் பிரித்து, எந்த உடம்புக்கு எது என்று பார்த்துத்தான் செய்தார்கள். வலி எதனால் வந்தது என்று தெரியாமலேயே அதன்மேல் கருவியை வைத்து அழுத்துவது வேறு. என் கோபமெல்லாம் அதன்மேல்தான்.

நேரம் கடந்து வருகிறவர்கள்

இடது தோளும் மார்பும் வலிக்கின்றன, வியர்க்கிறது. வீட்டில் உடனே "வாயுப் பிடிப்பு" என்று தீர்ப்பு வந்துவிடும். தைலம் தேய்த்து, முதுகில் தட்டி, சோடா குடிக்க வைத்து, விடிந்தபிறகு அழைத்து வருகிறார்கள். அதற்குள் இதயத் தசையில் ஒரு பகுதி செத்துப் போயிருக்கும்.

பக்கவாதத்திலும் இதே கதைதான். ஒரு கை திடீரென்று தொய்கிறது, வாய் கோணுகிறது, பேச்சு குழறுகிறது. அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பயன். அந்த நாலரை மணி நேரத்தை எண்ணெய் காய்ச்சுவதிலும், நீவி விடுவதிலும், இன்னும் சில ஊர்களில் புறா ரத்தம் தடவுவதிலும் தொலைத்துவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது மனம் கொதிக்கிறது. எண்ணெய் எங்கும் ஓடிப்போகாது. நேரம் போய்விடும்.

மூன்றாவது, ஒற்றைக் கால் வீக்கம். அறுவை சிகிச்சைக்குப் பிறகோ, பிரசவத்துக்குப் பிறகோ, நீண்ட பயணத்துக்குப் பிறகோ ஒரு ஆடுசதை மட்டும் வீங்கி, சூடாகி, தொட்டால் வலித்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அந்தக் காலை உருவி விட்டாலோ, காற்றடைத்து அமுக்கும் கருவிக்குள் நுழைத்தாலோ அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் அடைக்கக்கூடும். மூச்சுத் திணறி நிமிடங்களில் உயிர் போகும் ஆபத்து அது.

மாதக் கணக்கில் முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்து, கால் இரண்டும் தளர்ந்த பிறகு வருகிறவர்களும் உண்டு. முதுகெலும்புக் காசநோய் நம் நாட்டில் அரிதல்ல. மாலையில் காய்ச்சல், உடல் இளைப்பு, இரவில் கூடும் வலி, சிறுநீர் கழிப்பதில் சிரமம், மலத்துவாரத்தைச் சுற்றி மரத்துப்போவது, முன்பு புற்றுநோய் இருந்தது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த முதுகில் கருவி படக்கூடாது.

"சுளுக்கு வழிச்சா சரியாயிடும்"

நான் மிக அதிகமாகக் கேட்கும் வாக்கியம் இதுதான். சைக்கிளில் இருந்து விழுந்த ஒரு பள்ளிச் சிறுவனை அவன் தாய் அழைத்து வந்திருந்தார். முழங்கை வீங்கியதும் ஊரில் ஒருவரிடம் கூட்டிப்போய், நாள் தவறாமல் மூன்று வாரம் எண்ணெய் போட்டு வழித்து விட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் பையன் அலறியிருக்கிறான். "அழுதாத்தான் சுளுக்கு விடும்னு சொன்னாங்க டாக்டர்." மேசை மேலிருந்த பிஸ்கட்டை எடுத்துச் சாப்பிடச் சொன்னேன். கை பாதி வழியில் நின்றுவிட்டது. பையன் கழுத்தைக் குனிந்து பிஸ்கட்டை வாயால் கவ்வ முயன்றான். எக்ஸ்ரேயில் மூட்டின் முன்பக்கத் தசைக்குள் எலும்பு வளரத் தொடங்கியிருந்தது. அடிபட்ட முழங்கையைப் பிசைந்தால் இப்படி நடக்கும் என்பது எலும்பு மருத்துவம் படிக்கும் ஒவ்வொரு மாணவருக்கும் சொல்லிக் கொடுக்கப்படும் பாடம். அடிபட்டு வீங்கிய மூட்டை, குறிப்பாகக் குழந்தையின் முழங்கையை, எண்ணெயாலும் தொடாதீர்கள், கருவியாலும் தொடாதீர்கள். அசைக்காமல் தாங்கிப் பிடித்து, துணியில் சுற்றிய ஐஸ் வைத்து, மருத்துவமனைக்கு வாருங்கள்.

"வலிக்க வலிக்க அழுத்தினால்தான் பலன்" என்பது அடுத்த நம்பிக்கை. தசையைக் கண்டபடி குத்தினால் அதன் நார்கள் சிதைந்து, அந்தக் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும். மசாஜ் கன்னுக்குப் பிறகு இப்படி ஆன ஓர் இளம்பெண்ணைப் பற்றி மருத்துவ இதழில் கட்டுரை வந்திருக்கிறது. தேய்த்த மறுநாள் உடம்பெல்லாம் வலித்து, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் ஓடி வாருங்கள்.

"எண்ணெய் எலும்பு வரைக்கும் இறங்கும்" என்கிறார்கள். இறங்காது. மூட்டுத் தேய்மானத்தில் எண்ணெய் தரும் இதம் சூட்டினாலும் கை தடவுவதாலும் வருவது. தேய்ந்த குருத்தெலும்பு அதனால் வளராது. வயிற்றில் கட்டும் அதிரும் பெல்ட்டால் தொப்பை கரையாது. கழுத்தில் தட்டுப்படும் "நரம்பு முடிச்சு" பெரும்பாலும் இறுகிய தசைதான்; சில நேரம் அது நெறிக்கட்டியாக இருக்கும், அதைக் கருவியால் உடைக்கப் பார்ப்பது பெரும் தவறு. முடிதிருத்தும் கடையில் கழுத்தைத் திருப்பி "டக்"கென்று நெட்டி எடுப்பதையும் தயவுசெய்து மறுத்துவிடுங்கள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. கழுத்தில் மசாஜ் கன் வைத்த பிறகும் அதே ரத்தக்குழாய் கிழிந்ததாக மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன.

சர்க்கரை நோயாளியின் பாதம்

இதைத் தனியாகச் சொல்லியே ஆகவேண்டும். நீண்டகாலச் சர்க்கரை நோயில் பாதத்தின் உணர்ச்சி குறைந்துவிடும். எரிச்சலும் மதமதப்பும் இருப்பதால்தான் இவர்கள் பாத மசாஜ் கருவியை ஆவலோடு வாங்குகிறார்கள். "ஒண்ணுமே வலிக்கல டாக்டர், சுகமாத்தான் இருந்துச்சு" என்று ஓர் அம்மா சொல்லிக்கொண்டிருக்கும்போதே செவிலியர் அவரது காலுறையைக் கழற்றினார். குதிகாலில் கொப்புளம் உடைந்து துணியோடு ஒட்டியிருந்தது. பிய்க்கும்போதும் அந்த அம்மா முகம் சுளிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கருவியின் சூட்டை அவரால் உணர முடியவில்லை. இப்படித் தொடங்கும் புண்கள்தான் விரலை, சில நேரம் காலையே எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோகின்றன. சர்க்கரை நோயாளிக்கு உருளை வைத்த பாதக் கருவி, சூடேற்றும் கருவி, முள் முள்ளாக இருக்கும் அக்குபிரஷர் செருப்பு எதுவுமே வேண்டாம். வாங்கித் தர ஆசைப்படும் பிள்ளைகள் அந்தப் பணத்தில் மென்மையான உள்தளம் கொண்ட நல்ல செருப்பு வாங்கிக் கொடுங்கள்.

கருவி வாங்கியே ஆகவேண்டும் என்றால்

சரி, உங்களுக்கு வயது குறைவு, மேற்சொன்ன எதுவும் இல்லை, உடற்பயிற்சிக்குப் பிறகு தொடை இறுக்கமாக இருக்கிறது. மசாஜ் கன் வாங்கலாம். வேகத்தை மிகக் குறைவாக வைக்க முடிகிற, மெத்தென்ற உருண்டைத் தலை உள்ள ஒன்றை எடுங்கள். தொடை, பிட்டம், ஆடுசதை போன்ற பெரிய தசைகளில் மட்டும், ஓரிடத்தில் ஒன்றிரண்டு நிமிடம், நகர்த்திக்கொண்டே வையுங்கள். கருவியின் எடையே போதும், மேலே அழுத்த வேண்டாம். கழுத்தின் முன்புறமும் பக்கங்களும், அக்குள், தொடை இடுக்கு, முழங்காலின் பின்பள்ளம், முதுகெலும்பு, விலா எலும்பு, புடைத்த நரம்புச் சுருள் ஆகியவற்றின்மேல் கூடவே கூடாது. முதுகெலும்பின் இருபுறமும் வைக்கலாம் என்று கவை போன்ற ஒரு தலையைப் பெட்டியோடு தருகிறார்கள். அதைக் கழுத்தில் வைக்காதீர்கள்.

எலும்பு மெலிவு உள்ள வயதானவர்களை முதுகைக் குடையும் மசாஜ் நாற்காலியில் உட்கார வைக்காதீர்கள். பேஸ்மேக்கர் பொருத்தியவர்களும் கர்ப்பிணிகளும் தம் மருத்துவரைக் கேட்காமல் மின் துடிப்புப் பட்டையையோ காந்தம் வைத்த கருவியையோ தொட வேண்டாம்.

கழுத்துக்கு அடியில் வைத்துப் பிசையும் கருவிகளில் இன்னோர் ஆபத்து உண்டு. சுழலும் உருளைகளில் துணியோ முடியோ சங்கிலியோ சிக்கினால் கழுத்து நெரிபடும். 2011இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இப்படிப்பட்ட ஒரு கருவியைப் பயன்படுத்த வேண்டாம் என்று எச்சரித்தது. ஒருவர் இறந்தே போயிருந்தார். நீளப் பின்னலும் துப்பட்டாவும் தாலிக்கொடியும் அணிகிற நம் பெண்களுக்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை வேண்டுமா? முடியைத் தூக்கிக் கட்டுங்கள், சங்கிலியைக் கழற்றுங்கள், தனியாக இருக்கும்போதும் தூக்கக் கலக்கத்திலும் போடாதீர்கள். தானாக நின்றுவிடும் டைமர் இல்லாத கருவியை வாங்கவே வேண்டாம்.

எண்ணெயா, தைலமா?

மசாஜுக்கு எண்ணெய் தேவைப்படுவது கை வழுக்கி ஓடத்தான்; தோல் இழுபடாமல், உரசிப் புண்ணாகாமல் இருக்கத்தான். அதற்கு விலை உயர்ந்த மூலிகைக் கலவை எதுவும் வேண்டாம். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், மணமில்லாத திரவ பாரஃபின் எதுவும் போதும். முதுமையில் காகிதம்போல் மெலிந்துவிட்ட தோலுக்குத் தாராளமாக எண்ணெய் விட்டு மெதுவாகத் தடவ வேண்டும். முதல்முறை எதைப் பயன்படுத்தினாலும் முன்கையின் உட்பக்கம் ஒரு துளி தடவி ஒரு நாள் பாருங்கள். நல்லெண்ணெய்கூடச் சிலருக்கு ஒவ்வாமை தரும். சிக்கு வாடை அடிக்கும் எண்ணெயைத் தூக்கிப் போடுங்கள். பாட்டிலுக்குள் விரலை விடாமல் கிண்ணத்தில் ஊற்றிக்கொள்ளுங்கள். அடுப்பில் நேராகக் காய்ச்ச வேண்டாம், வெந்நீரில் கிண்ணத்தை வைத்தால் போதும்.

எனக்குப் பயமெல்லாம் வலித் தைலங்களைப் பற்றித்தான். ஊட்டிக்குப் போனவர்கள் தவறாமல் வாங்கி வரும் விண்டர்கிரீன் தைலத்தில் ஒரு தேக்கரண்டிக்குள் சுமார் 7 கிராம் சாலிசிலேட் இருக்கிறது. 325 மில்லிகிராம் ஆஸ்பிரின் மாத்திரைகளில் இருபதுக்கு மேல் விழுங்கியதற்குச் சமம். குழந்தை ஒரு வாய் குடித்தால் உயிருக்கே ஆபத்து. தோல் வழியாகவும் அது உள்ளே போகும். இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர் தினமும் தேய்த்தால் ரத்தக்கசிவு வரலாம். கற்பூரமும் யூகலிப்டஸ் தைலமும் வயிற்றுக்குள் போனால் சிறு குழந்தைகளுக்கு வலிப்பு வரும். இவற்றைப் பூஜை அலமாரியில் கைக்கெட்டும் இடத்தில் வைக்காதீர்கள்.

தைலமோ வலிக் களிம்போ தடவிய இடத்தில் ஹீட்டிங் பெல்ட், வெந்நீர்ப் பை, இறுக்கமான கட்டு எதுவும் கூடாது. வெறும் களிம்பாலேயே தோல் வெந்து போனவர்களைப் பற்றி 2012இல் அதே அமெரிக்க நிர்வாகம் எச்சரித்திருக்கிறது. அதற்குமேல் சூட்டையும் வைத்தால் என்ன ஆகும் என்பதை என் அறைக்கு வந்து பார்க்கலாம்.

பச்சிளம் குழந்தைக்கு

கை கால்களில் தேங்காய் எண்ணெய் தடவி மெல்ல நீவி விடுவது நல்லது, குழந்தை சுகமாகத் தூங்கும். அத்தோடு நிறுத்துங்கள். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, மூக்கில் ஊதுவது, தொண்டைக்குள் விரல் விட்டுச் சளி எடுப்பது, உரம் எடுக்கிறேன் என்று தலைகீழாகத் தூக்கிக் குலுக்குவது எதுவும் வேண்டாம். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி வரும் நிமோனியா எளிதில் ஆறாது. ஆலிவ் எண்ணெய் உசத்தி என்று நினைத்து வாங்குகிறார்கள். அது தோலின் பாதுகாப்புப் படலத்தைப் பலவீனப்படுத்தக்கூடியது.

பரிசோதனை

வலி எதனால் வந்தது என்பது பெரும்பாலும் நேரில் பார்த்தாலே தெரியும். தேவைப்பட்டால் எக்ஸ்ரே, காலுக்கு டாப்ளர் ஸ்கேன், சில ரத்தப் பரிசோதனைகள்.

உங்களிடம் கேட்பது

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பிள்ளைகளே, உங்கள் அன்பு புரிகிறது. பெட்டியை அனுப்புவதற்கு முன் அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறதா, அம்மாவுக்கு எலும்பு மெலிவு உண்டா, இருவரும் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று ஒரு தடவை தொலைபேசியில் கேளுங்கள். அவர்களை ஒருமுறை பிசியோதெரபிஸ்டிடமோ, முறையாகப் படித்த சித்த மருத்துவரிடமோ அழைத்துப் போகச் சொல்லுங்கள்.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் எடுக்கும் பெரியவர்களே, குளியலறையில் நின்றபடி எண்ணெய் தேய்க்காதீர்கள். நாற்காலியில் உட்கார்ந்து தேயுங்கள், பாதத்துக்கு மட்டும் வேண்டாம், தரையில் சொட்டியதைத் துடைத்த பிறகே எழுந்திருங்கள். இடுப்பு எலும்பு முறிந்து வருகிற எத்தனையோ பேர் எண்ணெயில் வழுக்கியவர்கள்.

மார்பு வலிக்கும்போது, வாய் கோணும்போது, ஒரு கால் மட்டும் வீங்கி மூச்சு வாங்கும்போது உங்கள் கை தைலப் பாட்டிலைத் தேடிப் போகும். வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். கைபேசியை எடுத்து 108ஐ அழையுங்கள்.