சிவப்பு துலிப் காதலுக்கு மட்டும்தானா? ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கதை இருக்கு!

சிவப்பு துலிப் ஒன்றை ஒருவரிடம் நீட்டுகிறீர்கள். அது காதலைச் சொல்லும் பூவா, தியாகிக்குச் செலுத்தும் அஞ்சலியா, நோயோடு போராடுபவருக்கு ஆதரவா? மூன்றுமே சரிதான். எந்த ஊரில், யாரிடம் கொடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அர்த்தம் மாறும்.

'அந்நியன்' படத்தின் 'குமாரி' பாடலில் நாம் பார்த்து ரசித்த அதே பூதான். நெதர்லாந்தின் அடையாளமாகிவிட்டாலும், இதன் பூர்விகம் மத்திய ஆசியாவின் மலைப்பகுதிகள். துருக்கி வழியாக 16-ம் நூற்றாண்டில் மேற்கு ஐரோப்பாவுக்குப் போனது. போன இடமெல்லாம் புதுப்புது அர்த்தங்கள் சேர்ந்துகொண்டன.

சிவப்பு

பாரசீகக் காதல் கதை ஒன்று உண்டு. ஷிரின் இறந்துவிட்டாள் என்ற பொய்ச் செய்தியை நம்பி, ஃபர்ஹாத் உயிரை விட்டுவிடுகிறான். அவன் ரத்தம் சிந்திய இடத்தில் சிவப்பு துலிப் பூத்தது என்கிறார்கள். அதனால்தான் அது உண்மைக் காதலின் சின்னம். அதே ஈரானில், உயிர்த்தியாகம் செய்தவர்களின் நினைவுக்கும் இந்தப் பூதான். 1980-ல் வந்த ஈரான் கொடியின் நடுவில் இருக்கும் சிவப்புச் சின்னமும் துலிப் வடிவம்தான்.

மூன்றாவது அர்த்தம் நெதர்லாந்தில் பிறந்தது. பார்க்கின்சன் நோயால் பாதிக்கப்பட்டிருந்த மலர் வளர்ப்பாளர் ஒருவர், 1980-ல் சிவப்பும் வெள்ளையும் கலந்த புது ரகத்தை உருவாக்கினார். அதற்கு அவர் வைத்த பெயர், 'டாக்டர் ஜேம்ஸ் பார்க்கின்சன்'. கை நடுக்கத்தைக் கொண்டுவரும் அந்த நோயை 1817-ல் விவரித்து எழுதிய மருத்துவர் அவர். இன்று பார்க்கின்சன் விழிப்புணர்வின் சின்னமே சிவப்பு துலிப்தான். ஏப்ரல் 11, உலக பார்க்கின்சன் தினம்.

மஞ்சள்

ஒருகாலத்தில் ஐரோப்பாவில் இதற்குக் கைகூடாத காதல் என்று பொருள். இப்போது அதெல்லாம் போய், மகிழ்ச்சி, நட்பு என்றாகிவிட்டது. தோழிக்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.

வெள்ளை, இளஞ்சிவப்பு

சண்டை போட்டுவிட்டு, 'ஸாரி' சொல்லத் தயங்குகிறீர்களா? மன்னிப்பு கேட்க வெள்ளை துலிப். அன்பையும் வாழ்த்தையும் சொல்ல இளஞ்சிவப்பு.

ஊதா, கறுப்பு

பழங்காலத்தில் ஊதாச் சாயம் விலை மிக அதிகம். ராஜ குடும்பங்களுக்கே கட்டுப்படியாகும். அந்தக் கம்பீரம் பூவுக்கும் வந்துவிட்டது. 'குவீன் ஆஃப் நைட்' என்ற 'கறுப்பு' துலிப்பை வெயிலில் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அது அடர்ந்த கருஞ்சிவப்பு!

கோடு போட்ட துலிப்

வெள்ளையில் சிவப்புத் தீற்றல் கொண்ட 'செம்பர் அகஸ்டஸ்', 17-ம் நூற்றாண்டு நெதர்லாந்தில் பணக்காரர்களின் பெருமை. அப்போது துலிப் கிழங்குகளின் விலை கண்டபடி ஏறி, 1637 பிப்ரவரியில் சரிந்தது. அந்த அழகுக் கோடுகளுக்குக் காரணம், அசுவினிப் பூச்சிகள் பரப்பும் வைரஸ் என்பது 20-ம் நூற்றாண்டில்தான் தெரியவந்தது. செடியின் நோயைத்தான் செல்வத்தின் அடையாளமாகக் கொண்டாடியிருக்கிறார்கள்!

ஆக, அர்த்தங்கள் எல்லாம் மனிதர்கள் கொடுத்தவை; காலத்தோடு மாறுபவை. அதனால் துலிப் கொடுக்கும்போது, மனதில் இருப்பதை ஒரு வரி எழுதியும் கொடுத்துவிடுங்கள். குழப்பமே வராது.

நேரில் பார்க்க ஆசையா? ஸ்ரீநகரில் தால் ஏரிக்கு அருகே இந்திரா காந்தி நினைவு துலிப் தோட்டம் இருக்கிறது. மார்ச் கடைசியில் திறந்தால் ஏறக்குறைய ஒரு மாதம்தான் பூக்கள் இருக்கும். டிக்கெட்டை இப்போதே போட்டுவையுங்கள்!