தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் திட்டம்

தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் திட்டம் (சுருக்கமாக என்.எம்.எம்.எஸ்.) என்பது வருவாய் குறைந்த குடும்பங்களைச் சேர்ந்த மாணவர்கள் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிடாமல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தொடர்வதற்காக இந்திய நடுவண் அரசு 2008ஆம் ஆண்டில் தொடங்கிய உதவித்தொகைத் திட்டமாகும். ஆண்டுதோறும் நாடு முழுவதும் 1,00,000 மாணவர்கள் புதிதாகத் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். தமிழ்நாட்டிற்கான ஒதுக்கீடு 6,695 ஆகும்.

எட்டாம் வகுப்பு இடைநிற்றலுக்கு வாய்ப்பான கட்டமாகும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை மட்டுமே பொருந்தும். அதன் பின் ஊரில் உயர்நிலைப் பள்ளி இல்லாவிட்டால் பேருந்து ஏறிச் செல்ல வேண்டும்; வீட்டிலோ, பிள்ளை வேலைக்குப் போனால் இன்னொரு கூலி கிடைக்குமே என்ற எண்ணம் எழும். இந்தத் திட்டம் ஒன்பதாம் வகுப்பில் தொடங்குவதற்கு இதுவே காரணம்.

தகுதியும் தேர்வும்

பெற்றோரின் ஆண்டு வருமானம் 3,50,000 ரூபாய்க்கு மிகாமல் இருக்க வேண்டும். அரசு, அரசு உதவி பெறும், உள்ளாட்சிப் பள்ளிகளில் படிப்போர் மட்டுமே விண்ணப்பிக்கலாம். கேந்திரிய வித்யாலயா, நவோதயா பள்ளி மாணவர்களுக்கு இது பொருந்தாது. ஏழாம் வகுப்பில் 55 விழுக்காடு மதிப்பெண் தேவை (பட்டியல் வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் 5 விழுக்காடு தளர்வு உண்டு). தேர்வில் மனத்திறன் தாளும் படிப்பறிவுத் தாளும் தலா 90 வினாக்களைக் கொண்டவை. படிப்பறிவுத் தாள் பாடநூலிலிருந்து வருவது. மனத்திறன் தாளின் எண் தொடர், உருவ ஒப்புமை போன்ற வினாக்கள் வகுப்பறையில் நடத்தப்படுவதில்லை. எனவே தனியாகப் பயிற்சி தரும் ஆசிரியர் உள்ள பள்ளி மாணவர்களுக்கு இத்தாளில் முந்துவது எளிது. திறனை மட்டுமே அளக்கும் தேர்வு என்று இதனை முழுமையாகக் கூற இயலாது.

தொகையும் தொடர்ச்சியும்

தொடக்கத்தில் மாதம் 500 ரூபாயாக இருந்த தொகை 2017 முதல் 1,000 ரூபாயாக உயர்ந்தது. ஆண்டிற்கு 12,000 வீதம் நான்கு ஆண்டுகளுக்கு 48,000 ரூபாய் மாணவரின் வங்கிக் கணக்கில் நேரடியாகச் செலுத்தப்படும். கூலி வருமானத்திற்கு இது ஈடாகாது. ஆயினும் பணம் மாணவரின் பெயரிலேயே வருவது வீட்டில் படிப்பைப் பற்றிய பேச்சில் அவருக்கு ஓரளவு வலுச் சேர்க்கிறது.

தேர்ச்சி பெற்றவுடன் நான்கு ஆண்டுத் தொகையும் உறுதியாகிவிடுவதில்லை. ஒவ்வோர் ஆண்டும் முதல் முயற்சியிலேயே அடுத்த வகுப்பிற்குத் தேர்ச்சி பெற வேண்டும். பத்தாம் வகுப்பில் 60 விழுக்காடு பெற்றால்தான் மேல்நிலை வகுப்புகளிலும் உதவி தொடரும். தேசியக் கல்வி உதவித்தொகை இணையதளத்தில் ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். அதனைப் பள்ளியும் மாவட்ட அலுவலரும் சரிபார்ப்பர். தமிழ்நாட்டு மாணவர்களுக்குப் பெயரின் முன்னெழுத்தே சிக்கலாகிவிடக் கூடும். பள்ளிப் பதிவேட்டில் முன்னால், ஆதாரில் பின்னால், வங்கிப் புத்தகத்தில் தந்தை பெயர் முழுமையாக என்று மூன்று விதமாக இருந்தால் சரிபார்ப்பு தடைப்படலாம். ஆகவே எட்டாம் வகுப்பில் விண்ணப்பிக்கும்போதே மூன்றிலும் பெயரை ஒன்றுபோல் திருத்திக்கொள்வது நல்லது.