எஸ்டேட் என்றால் தோட்டம் மட்டுமா?

கோலா கங்சார் வட்டாரத்தில் ‘எஸ்டேட்’ என்றதும் நினைவுக்கு வருவது தோட்டம்தான். பால்மரம், லயத்து வீடு, விடியற்காலைப் பெரட்டு எல்லாம் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடும். அதனால், காலமான தந்தையின் பெயருக்கு முன்னால் ‘எஸ்டேட் ஆஃப்’ என்று அச்சிட்ட கடிதம் வீட்டுக்கு வந்தால், “அப்பா எந்த எஸ்டேட்டில் இருந்தார் என்று கேட்கிறார்களோ?” என்று குழம்ப நேரிடுகிறது.

இந்த ஆங்கிலச் சொல்லின் வேர், ‘நிலை’ என்று பொருள்படும் லத்தீன் சொல். ஸ்டேட், ஸ்டேட்டஸ் ஆகியவையும் அதே வேரில் பிறந்தவைதான். முதலில் ஒருவரின் சமூக நிலையைக் குறித்த எஸ்டேட், பிறகு அந்த நிலைக்கு ஆதாரமான நிலத்தையும் உடைமையையும் குறிக்கத் தொடங்கியது.

பழைய பிரான்சில் மதகுருமார், பிரபுக்கள், பொதுமக்கள் என மூன்று ‘எஸ்டேட்’கள் இருந்தன. பத்திரிகைத் துறையை ‘நான்காவது எஸ்டேட்’ என்று சொல்வது அதிலிருந்து வந்தது. தமிழில் அதை நான்காவது தூண் என்கிறோம். வீடு, நிலம் வாங்கி விற்பது ‘ரியல் எஸ்டேட்’. நாம் தாமான் என்று சொல்லும் வீடமைப்புப் பகுதி ‘ஹவுசிங் எஸ்டேட்’. தொழிற்பேட்டை ‘இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்’. பிரிட்டனில் பின்பக்கம் நீண்ட ஒருவகைக் காருக்கும் எஸ்டேட் என்றே பெயர்.

நம் நாட்டில் தோட்டம் என்ற பொருள் இவ்வளவு ஆழமாக வேரூன்றியதில் கோலா கங்சாருக்கும் பங்கு உண்டு. 1877-இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்த 22 ரப்பர் நாற்றுகளில் 9 நாற்றுகள், அப்போதைய பேராக் ரெசிடெண்ட் ஹியூ லோவின் கோலா கங்சார் இல்லத் தோட்டத்தில் நடப்பட்டன. நாட்டின் மிகப் பழைய ரப்பர் மரங்களில் ஒன்று இன்றும் இந்நகரில் நிற்கிறது.

ஆனால் சட்டத்தில் எஸ்டேட் என்பது வேறு. ஒருவர் இறக்கும்போது விட்டுச் செல்லும் வீடு, நிலம், வங்கிப் பணம், வாகனம் என அனைத்தும் சேர்ந்ததே அவருடைய எஸ்டேட். அவருடைய கடனும் அதிலிருந்துதான் தீர்க்கப்படும். மலாயில் இதை ‘ஹர்த்தா பூசாக்கா’ என்பார்கள்.

முதல் எஸ்டேட்டில் வாழ்நாளெல்லாம் உழைத்தவர்களில் பலருக்கு இந்த இரண்டாவது எஸ்டேட் வாய்க்கவில்லை. லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். 1950-களில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்க, அவை துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டபோது பல குடும்பங்கள் இரண்டையும் இழந்தன. அதைக் கண்டுதான், கோலா கங்சார் மாவட்டத்தின் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு வாங்கினார்கள். அந்தப் பணத்தில் சங்கம் தோட்டங்களை வாங்கியது.

தோட்டத்தை விட்டு வந்தவர்களின் பிள்ளைகளில் பலர் இன்று தாமானில் சொந்த வீடு வைத்திருக்கிறார்கள். ஆனால் அப்பா இறந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் அவர் பெயரிலேயே இருக்கும் வீடுகள் உண்டு. அப்படிப்பட்ட வீட்டை வாரிசுகள் விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. நாள் தள்ளத் தள்ள, வாரிசுகளில் சிலரும் இறந்து, பேரப்பிள்ளைகள்வரை கையெழுத்துத் தேட வேண்டிவரும்.

உயில் எழுதாமல் இறந்த முஸ்லிம் அல்லாதவர்களின் சொத்தை யார் யாருக்கு எவ்வளவு என்று 1958-ஆம் ஆண்டு பகிர்வுச் சட்டம் சொல்கிறது. இறந்தவரின் பெற்றோர் உயிருடன் இல்லையென்றால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு. பெற்றோர் இருந்தால் மனைவிக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்குப் பாதி, பெற்றோருக்குக் கால் பங்கு. மகன், மகள் என்ற வேறுபாடு இல்லை. கட்டிக்கொடுத்த மகளுக்கும் சம பங்கு உண்டு.

நிலமோ வீடோ அடங்கிய சிறிய சொத்துக்கு உயர்நீதிமன்றம் போக வேண்டியதில்லை. 1955-ஆம் ஆண்டு சிறு சொத்துப் பகிர்வுச் சட்டத்தின்கீழ், சொத்து இருக்கும் மாவட்டத்துக்குரிய பூசாக்கா பிரிவில் ‘பாரம் ஏ’ பூர்த்தி செய்து கொடுக்கலாம். இறப்புச் சான்றிதழ், வாரிசுகளின் அடையாள அட்டை நகல், வீட்டுக் கிரான் நகல் ஆகியவை தேவைப்படும். 20 லட்சம் ரிங்கிட்டாக இருந்த சொத்து மதிப்பு வரம்பை 2022-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 50 லட்சமாக உயர்த்தியிருக்கிறது. சாதாரணத் தாமான் வீடுகள் இதற்குள் அடங்கிவிடும். வாரிசுகளை அழைத்து விசாரணை நடத்திய பிறகு அதிகாரி பகிர்வு உத்தரவு வழங்குவார். வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

வீட்டுக் கிரானை எடுத்து, அதில் இப்போது யார் பெயர் இருக்கிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை.