முதலில் கண் விழிப்பது யார்?

ராஸ்ப்பெரி பை என்ற குட்டிக் கணினியைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரே ஒரு மின்சுற்றுப் பலகைதான், ஏறக்குறைய ஏ.டி.எம். அட்டை அளவுதான் இருக்கும். பிள்ளைகள் நிரல் எழுதிப் பழகட்டும் என்று பிரிட்டனில் உருவாக்கினார்கள். முதல் பலகை 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்தது. வாங்கியவர்களில் நிறையப் பேர் அதை டிவியோடு இணைத்துப் படம் பார்க்கும் பெட்டியாக்கிவிட்டார்கள்!

படம் ஓட்டுவது அவ்வளவு சுலபமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். முழு எச்.டி. படத்தின் ஒரு சட்டகத்தில் 1920 × 1080 புள்ளிகள். அதாவது 20 லட்சத்துக்கும் மேல். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று 3 பைட். நொடிக்கு 25 சட்டகம் என்றால், நொடிக்குச் சுமார் 155 மெகாபைட்! இரண்டு மணி நேரப் படத்துக்கு 1,100 ஜிகாபைட்டைத் தாண்டிவிடும். ஆனால், அதே படம் 4 ஜிகாபைட் கோப்புக்குள் அடங்குகிறதே, எப்படி? ஒருவர் நின்று பேசும் காட்சியில் அவருடைய வாயும் கையும்தான் அசையும். பின்னாலுள்ள சுவர் மாறாது. மாறியதை மட்டும் குறித்துவைத்தால் இடம் மிச்சம். எச்.264 என்ற சுருக்கும் முறையின் முக்கியமான தந்திரம் இதுதான்.

சுருக்கியதை மறுபடி விரிக்க வேண்டும் அல்லவா? முதல் பலகையிலிருந்த 700 மெகாஹெர்ட்ஸ் ஏ.ஆர்.எம். செயலியால் தனியாக அந்த வேகத்தில் விரிக்க முடியாது. அதற்கென்றே அதே சிப்புக்குள் வீடியோகோர் என்ற படச் செயலி இருக்கிறது. பி.சி.எம்.2835 என்ற அந்த சிப், படமும் ஒலியும் கையாளவே வடிவமைக்கப்பட்டது. பலகையின் நடுவே தெரியும் கறுப்புச் சதுரம்தான் அந்த சிப் என்று நினைப்பீர்கள். இல்லை, அது நினைவகம்! சிப் அதற்கு அடியில் ஒளிந்திருக்கிறது. இடத்தை மிச்சப்படுத்த ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்தியிருக்கிறார்கள்.

இப்போது மின்சாரம் கொடுப்போம். 5 வோல்ட் உள்ளே வருகிறது. அதை 3.3 வோல்ட், 1.8 வோல்ட் என்று குறைத்து ஒவ்வொரு பகுதிக்கும் பலகையே பிரித்துத் தருகிறது. முதலில் கண் விழிப்பது யார்? ஏ.ஆர்.எம். செயலி என்றுதானே சொல்வீர்கள்? அதுதான் இல்லை. அது நன்றாகத் தூங்கிக்கொண்டிருக்கும். விழிப்பது வீடியோகோர்!

சிப்புக்குள் அழியாமல் பதிந்திருக்கும் ஒரு சிறு நிரலை வீடியோகோர் முதலில் படிக்கிறது. அந்த நிரலுக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்று: பலகையில் செருகியிருக்கும் மெமரி கார்டில் ‘பூட்கோடு’ என்ற கோப்பைத் தேடி எடுப்பது. எடுத்து எங்கே வைப்பது? பெரிய நினைவகம் இன்னும் இயங்கத் தொடங்கவில்லையே! அதனால் சிப்புக்குள்ளேயே இருக்கும் 128 கிலோபைட் இடத்தில் வைக்கிறது. பூட்கோடுதான் பெரிய நினைவகத்தை இயக்கி, ‘ஸ்டார்ட்’ என்ற அடுத்த கோப்பை அதில் ஏற்றுகிறது. ஸ்டார்ட், அமைப்புக் குறிப்புகளைப் படிக்கிறது; திரையில் வானவில் நிறச் சதுரம் ஒன்றைக் காட்டுகிறது; லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலை ஏற்றுகிறது. கடைசியாக ஏ.ஆர்.எம். செயலியைத் தட்டி எழுப்புகிறது.

ஒவ்வொரு படிக்கும், அடுத்த படியை எழுப்பும் அளவுக்குத்தான் அறிவு. அதனாலேயே கோளாறைக் கண்டுபிடிப்பது எளிதாகிறது. கார்டைப் படிக்கும்போது பலகையிலுள்ள பச்சை விளக்கு சிமிட்டும். வானவில் சதுரத்தோடு திரை நின்றுவிட்டால், வீடியோகோர் தன் வேலையைச் செய்துவிட்டது, கெர்னல்தான் கிளம்பவில்லை என்று பொருள். 2014-க்குப் பிறகு வந்த பல பலகைகளில் மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், மின்சாரம் வருவதைக் காட்டும் சிவப்பு விளக்கு அணைந்துவிடும். அப்போது சார்ஜரையோ ஒயரையோ மாற்றிப் பாருங்கள்.

இன்னொன்று: படம் முடிந்ததும் ஒயரைச் சட்டென்று பிடுங்காதீர்கள். கார்டில் எழுதிக்கொண்டிருக்கும் நேரமாக இருந்தால் கோப்புகள் கெட்டுவிடும். திரையில் அணைக்கும் கட்டளையைக் கொடுத்து, பச்சை விளக்கு ஓயும்வரை பொறுங்கள்.

பள்ளி ஆய்வகத்தில் முதல் வகைப் பலகை இருந்தால் ஆசிரியரிடம் கேட்டு ஒரு சோதனை செய்யுங்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மெமரி கார்டை எடுத்துவிடுங்கள். பிறகு மின்சாரம் கொடுங்கள். சிவப்பு விளக்கு எரியும், பச்சை சிமிட்டாது, திரையில் வானவில்லும் வராது. எந்தப் படியில் நின்றுபோனது? காரணத்தோடு உங்கள் நோட்டில் எழுதுங்கள்.