தனக்கு மிஞ்சியா தருமம்?

"தனக்கு மிஞ்சியே தானமும் தருமமும்" என்பது முன்னோர் வாக்கு. ஆயின், மாத முடிவிலே மிஞ்சியது யாது என்று எந்த இல்லத்திலேனும் வினவிப் பாருங்கள். கடைக்கணக்கு, பிள்ளைகளின் படிப்பு, வைத்தியச் செலவு யாவும் போக, மிஞ்சுவது பெரும்பாலும் பெருமூச்சு ஒன்றே. மிச்சத்துக்காகக் காத்திருக்கும் தருமம் என்றும் வாசலிலேயே நின்றுவிடுகின்றது.

இவ்விடயத்தில் நம் அயலிலுள்ள கிறித்தவ குடும்பங்கள் பல கைக்கொள்ளும் முறையைச் சைவராகிய நாமும் ஆராய்தல் தகும். அவர்கள் மிச்சத்திற் கொடுப்பதில்லை. முதலிலேயே எடுத்து வைக்கின்றனர். வருவாயிற் பத்திலொரு பங்காகிய தசமபாகம் அவர்களிடையே தொன்மையான அளவு. விளைச்சலிலும் கால்நடையிலும் அதனை மோசேயின் நியாயப்பிரமாணம் விதித்தது. பவுலோ, கொரிந்து நகரத்தாருக்கு எழுதுகையில் வீதம் எதனையுங் குறிக்காது, அவரவர் மனத்தில் தீர்மானித்தபடி மகிழ்ந்து கொடுக்குமாறு அறிவுறுத்தினார். ஆதலின், பத்திலொன்றைக் கட்டளையாகக் கொள்வாரும் உளர்; வழிகாட்டியாக மட்டும் கொள்வாரும் உளர்.

தீர்மானித்தல் எளிதன்று. வரி கழிப்பதற்கு முன்னா, பின்னா? முழுவதும் திருச்சபைக்கா, ஏழைகளுக்கும் பங்குண்டா? வறிய உறவினருக்கு உதவியதும் கணக்கிற் சேருமா? இவற்றினும் பெரிய வினா ஒன்றுண்டு. 40,000 ரூபா வருவாயுள்ள வீட்டில் 4,000 ரூபா குறைந்தால் அது அடுப்பிலே தெரியும். 400,000 ரூபா வருவாயுள்ள வீட்டிலோ, 40,000 ரூபா கொடுத்த பின்னும் 360,000 ரூபா எஞ்சும். வீதம் ஒன்றாயினும் பாரம் ஒன்றன்று. இரண்டு காசு இட்ட ஏழை விதவையே எல்லாரினும் மிகுதியாகக் கொடுத்தாள் என இயேசு கூறியதும் இதுபற்றியே.

மெதடிஸ்த இயக்கத்தைத் தோற்றுவித்த ஜோன் வெஸ்லி இவ்வினாவுக்கு வேறொரு விடை கண்டார். ஒக்ஸ்போட்டிலே கல்லூரி ஆசிரியராயிருந்த அவர், தம்முடையதென்றே கருதப்படும் கணக்கொன்றைப் பிரசங்கமொன்றிற் கூறியுள்ளார். முதலாண்டு வருவாய் 30 பவுண். 28 பவுணில் வாழ்ந்து 2 பவுணை ஈந்தார். மறு ஆண்டு 60 பவுண் வந்தது; செலவு அதே 28; ஈகை 32. பின்னர் 90 வந்தபோது 62, 120 வந்தபோது 92 பவுண் ஈந்தார். அவர் வரையறுத்தது ஈகையையன்று, தம் தேவையையே. அக்காலத்தில் அவருக்கு மனைவி மக்கள் இல்லை. ஆதலால் அவருடைய கணக்கு நமக்கு அவ்வாறே பொருந்தாது. எனினும், அதன் உட்பொருள் எவர்க்கும் பொருந்தும்.

சம்பளமே காணாத இல்லங்கள் என் செய்யும்? இந்தியாவின் மிசோரம் மாநிலத்துக் கிறித்தவப் பெண்கள் 1910ஆம் ஆண்டில் ஒரு வழக்கத்தைத் தொடங்கினர். சோறு சமைக்குந்தோறும் ஒரு பிடி அரிசியை வேறாக எடுத்து வைத்துத் திருச்சபைக்கு அளித்தனர். அவ்வழக்கம் இன்றும் நிலவுகின்றது. பிடியரிசி சைவர்களுக்கும் புதிதன்று. உலை வைக்குமுன் எடுத்த பிடி ஒருவர் பசியையும் மிகுவித்ததில்லை. உண்டபின் மிஞ்சுவதைக் கொடுக்க எண்ணியிருப்பின் பானை வெறுமையாகவே இருந்திருக்கும்.

முன்னோர் வாக்குப் பிழையன்று. 'தனக்கு' என்பதன் எல்லையை நாம் வகுக்காததே பிழை. எல்லையில்லாத் தேவைக்குமேல் மிஞ்சுவது எங்ஙனம்? வருகின்ற சம்பள நாளன்று கணவனும் மனைவியும் பிள்ளைகளையும் அருகிருத்திக் கணக்கெழுதட்டும். முதல் வரியில் எழுதவேண்டிய தொகை பத்திலொன்றோ, நூற்றிலொன்றோ, அதனை அவர்களே தீர்மானிக்கட்டும். அது முதல் வரியில் இருத்தலே வேண்டுவது.