ராஜினாமா கொடுப்பதற்கு முன் படிக்க வேண்டிய காகிதங்கள்

வேலையை விட்டு வேறு வழியில் போகலாம் என்று நினைக்கிறவரை முதலில் மறிப்பது வீடு. "மாசம் பொறந்தா சம்பளம் வருது, அது பொறுக்கலையா?" என்பார் சித்தப்பா. "வரன் பார்க்கிற நேரத்துல இப்படியா?" என்பார் அத்தை. ஆபீசில் பேச்சு வேறு மாதிரி இருக்கும்: "பாண்டுல கையெழுத்துப் போட்டது ஞாபகம் இருக்கா? கோர்ட்டுக்கு அலைய வேண்டி வரும்." இரண்டும் சேர்ந்து ஒரே பயமாக உள்ளே உட்கார்ந்துகொள்கின்றன. பிரித்துப் பார்த்தால், சொந்தக்காரர் பேச்சை நிறுத்த எந்தச் சட்டத்தாலும் ஆகாது. ஆபீஸ் மிரட்டல் அப்படியல்ல. அது ஏதோ ஒரு காகிதத்தை நம்பி நிற்கிறது. அந்தக் காகிதத்தை எடுத்துப் படிக்கலாம்.

முதலில், "எங்களை விட்டுப் போனால் இரண்டு வருடத்துக்கு இதே துறையில் வேறெங்கும் சேரக்கூடாது" என்ற நிபந்தனை. நியமனக் கடிதங்களில் இது சாதாரணமாகக் காணப்படுகிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 27-வது பிரிவு, ஒருவர் நியாயமான தொழில் எதையும் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் மீது அவருடைய விளம்பர முகவர் நிறுவனம் தொடுத்த வழக்கில், ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் அவரைக் கட்டிப்போடும் நிபந்தனை செல்லாது என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வேலையில் இருக்கும்போதே போட்டி நிறுவனத்துக்கு வேலை பார்ப்பதும், வாடிக்கையாளர் பட்டியலைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போவதும் வேறு விஷயம். அவற்றுக்கு இந்தப் பிரிவு துணை நிற்காது.

அடுத்தது பாண்டு, அதாவது குறிப்பிட்ட காலத்துக்கு முன் விலகினால் பணம் தருவதாக எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தம். இதில் இரண்டு தவறான நம்பிக்கைகள் உலவுகின்றன. பாண்டு என்றாலே செல்லாது என்பது ஒன்று. எழுதியிருக்கும் தொகை முழுவதையும் கட்டியே ஆக வேண்டும் என்பது இன்னொன்று. ஒரு பொதுத்துறை வங்கியின் அதிகாரி, மூன்றாண்டு முடியும் முன் விலகினால் 2 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்ற நிபந்தனையை எதிர்த்து வழக்குப் போட்டார். கர்நாடக உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் வங்கியின் பக்கம் தீர்ப்பளித்தது. அவர் வேறு வேலைக்குப் போவதை அந்த நிபந்தனை தடுக்கவில்லை, பொதுத்துறை நிறுவனம் மறுபடி ஆளெடுக்கச் செலவு உண்டு, அவர் பதவிக்கும் சம்பளத்துக்கும் அந்தத் தொகை மிகையல்ல என்பவை காரணங்கள். ஆக, பாண்டைக் குப்பையில் போட்டுவிட முடியாது. அதே சமயம் ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவு நியாயமான இழப்பீட்டுக்குத்தான் இடம் தருகிறது. ஒப்பந்தத்தில் எழுதிய தொகை அதற்கு உச்சவரம்பு மட்டுமே. பயிற்சி என்ற பெயரில் இரண்டு வாரம் பழைய ஊழியர் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு 3 லட்சம் கேட்கும் நிறுவனம், தனக்கு ஏற்பட்ட நஷ்டம் என்ன என்று விளக்க வேண்டியிருக்கும். பணம் கேட்டு வழக்குப் போடலாமே தவிர, உங்களை மறுபடி அந்த நாற்காலியில் உட்காரவைக்க எந்த நீதிமன்றமும் உத்தரவிடாது.

பாண்டைவிட நான் பயப்படச் சொல்வது காசோலைக்கு. சேரும்போது "சும்மா ஒரு செக்யூரிட்டிக்கு" என்று தொகை எழுதாத, கையெழுத்து மட்டும் போட்ட காசோலையை வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் சிறிய நிறுவனங்கள் பலவற்றில் இருக்கிறது. கையெழுத்தை ஒப்புக்கொண்டால், அது கடனுக்காகக் கொடுக்கப்பட்டது என்றுதான் சட்டம் முதலில் கொள்ளும். இல்லை என்று காட்டும் பொறுப்பு உங்கள் தலையில் விழும். காசோலை திரும்பினால் வங்கியிலிருந்து தகவல் கிடைத்த 30 நாளுக்குள் அவர்கள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கைக்கு வந்த நாளிலிருந்து பணம் கட்ட உங்களுக்கு 15 நாள் அவகாசம். அந்த நோட்டீசை வாங்க மறுப்பதோ, பீரோவுக்குள் போட்டு மறப்பதோ கூடாது. வக்கீல் மூலம் பதில் போக வேண்டும். இன்னும் சேராதவராக இருந்தால் வெற்றுக் காசோலை கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டவர், விலகும் கடிதத்திலேயே காசோலை எண்ணைக் குறிப்பிட்டு, அது என்ன காரணத்துக்காகத் தரப்பட்டது என்று எழுதித் திருப்பிக் கேட்கலாம்.

அசல் சான்றிதழ்களை நிறுவனம் வாங்கி வைத்துக்கொள்வதும் இதே கதைதான். கல்விச் சான்றிதழ் சந்தைப் பொருள் அல்ல, அதைப் பாக்கிக்குப் பிணையாகப் பிடித்துவைக்க முடியாது என்பது சென்னை உயர் நீதிமன்றத்தின் நிலைப்பாடு. தனியார் கல்லூரி ஆசிரியர்களும் செவிலியர்களும் இந்தச் சிக்கலில் அதிகம் மாட்டுகிறார்கள். எழுத்துமூலம் கேளுங்கள், பதிவுத் தபாலில் அனுப்பி ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள்.

சட்டம் உங்கள் பக்கம் இருந்தும் கெடுத்துக்கொள்ளும் வழி ஒன்று உண்டு: ஒரு திங்கட்கிழமை முதல் போகாமல் நின்றுவிடுவது. அப்படிச் செய்தால் நோட்டீஸ் காலச் சம்பளத்தைக் கேட்கவும், 'சொல்லாமல் ஓடியவர்' என்று பதிவு செய்யவும் அவர்களுக்கு வாய்ப்பு கிடைக்கிறது. மின்னஞ்சலில் ராஜினாமா அனுப்பி, அதன் நகலைச் சொந்த முகவரிக்கும் அனுப்பிக்கொண்டால் பிற்பாடு எல்லாம் எளிது.

வரவேண்டிய பணத்துக்கு வருவோம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, விலகியவரின் சம்பள பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் தரச் சொல்கிறது. "ஃபுல் அண்ட் ஃபைனல் 45 நாள் ஆகும்" என்ற பழைய பாட்டு சம்பளத்தைப் பொறுத்தவரை இனி செல்லாது. பணிக்கொடை ஐந்தாண்டு முடித்தவருக்கு உண்டு. குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் சேர்ந்தவருக்கு இப்போது ஓராண்டு போதும். கணக்கு இது: கடைசி மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வேலை பார்த்த ஆண்டுகளால் பெருக்க வேண்டும். கணக்கில் சேரும் சம்பளம் 26,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 15,000, ஐந்தாண்டுக்கு 75,000. மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், நாலு ஆண்டு முடிந்து ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலும் தகுதி உண்டு என்று 1998-இல் சொல்லியிருக்கிறது. நாலரை ஆண்டில் ஆத்திரப்பட்டுக் கிளம்புகிறவர் நாள்காட்டியைப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம். பி.எஃப். பணத்தை அவசரப்பட்டு எடுக்க வேண்டாம். யு.ஏ.என். எண் மாறாது, புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொண்டால் ஓய்வூதியத்துக்கு வேண்டிய பத்தாண்டுப் பணிக்காலம் தொடர்ந்து எண்ணப்படும்.

பலர் மறப்பது மருத்துவக் காப்பீடு. நிறுவனத்தின் குழுக் காப்பீடு கடைசி வேலைநாளோடு முடிந்துவிடும். அப்பாவுக்குச் சர்க்கரை, அம்மாவுக்கு ரத்த அழுத்தம் என்றால், ஏற்கெனவே உள்ள நோய்களுக்குப் புதிய பாலிசியில் 36 மாதம் வரை காத்திருக்கச் சொல்லலாம். விலகுவதற்கு முன்பே அதே காப்பீட்டு நிறுவனத்திடம் தனிநபர் பாலிசிக்கு மாற்றித் தரக் கேளுங்கள்.

இனி வீட்டுப் பேச்சு. விமர்சிப்பவர் எல்லாரையும் ஒரே தட்டில் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. உங்கள் கல்விக் கடனுக்கு அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால், நீங்கள் தவணை தவறியதும் வங்கி நேராக அவரிடமே போகலாம். ஜாமீன்தாரரின் பொறுப்பும் கடனாளியின் பொறுப்பும் சமம். அவர் "இ.எம்.ஐ. யார் கட்டுவா?" என்று கேட்பது நம்பிக்கையின்மை அல்ல, நியாயமான கேள்வி. ஆறு மாத வீட்டுச் செலவும் தவணையும் எங்கிருந்து வரும் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். காட்ட முடியாவிட்டால் ராஜினாமாவைத் தள்ளிப்போடுங்கள். வங்கியில் ஒரு பைசா பொறுப்பும் ஏற்காத, கல்யாண வீட்டுப் பந்தியில் புத்தி சொல்கிற உறவினருக்கு அந்தத் தாளைக் காட்ட வேண்டிய அவசியமில்லை. திருமணமான பெண்களுக்கு இது இன்னும் கடினம். 'வேலைக்கே போகாதே' என்று தடுப்பதையும், சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வதையும் 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வன்முறையாகவே பார்க்கிறது. 181 மகளிர் உதவி எண்ணை அழைக்கலாம்.

மாற்றம் தேடுகிறவரை மோசடிக்காரர்களும் தேடுகிறார்கள். நேர்காணல் முடிந்து "முன்பணம் கட்டுங்கள்" என்றால் அங்கேயே நிறுத்துங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும். வெளிநாட்டு வேலை என்றால், பதிவு பெற்ற முகவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். அவர் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் தவிர சேவைக் கட்டணம் வாங்கக்கூடாது. சுற்றுலா விசாவில் தாய்லாந்து போய், அங்கிருந்து மியான்மரின் இணைய மோசடி முகாம்களில் சிக்கி மீட்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் உண்டு.

நிறுவனம் பணத்தை மறுத்தால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். சம்பளக் கோரிக்கைக்கு மூன்றாண்டு அவகாசம் இருக்கிறது. வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கும், தொலைபேசி எண் 15100. பெண்களும், பட்டியல் சாதி, பழங்குடியினரும், தொழிற்சாலைத் தொழிலாளரும் எவ்வளவு வருமானம் இருந்தாலும் இலவசமாக வக்கீல் கேட்கலாம். போகும்போது நியமனக் கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டு, ராஜினாமா மின்னஞ்சலின் நகல் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள்.