ஆட்சி மாறினால் பட்டாசுத் தொழில் மாறுமா?

தாயில்பட்டியும் அதைச் சூழ்ந்த வெம்பக்கோட்டை வட்டாரக் கிராமங்களும் பட்டாசை நம்பியே வாழ்கின்றன. ஒரு தீபாவளி முடிந்ததும் அடுத்த தீபாவளிக்கான உற்பத்தி தொடங்கிவிடும். மூலப்பொருளுக்கும் தொழிலாளர் முன்பணத்துக்கும் ஆலை உரிமையாளர் பல மாதங்களுக்கு முன்னரே பணம் போட வேண்டும். சரக்கு விற்பனைக்குச் செல்லும்போது எந்த விதி நடைமுறையில் இருக்கும் என்பது அவருக்குத் தெரியாது. அந்த நிச்சயமின்மைக்குள் கட்சி நம்பிக்கை எளிதில் நுழைந்துவிடுகிறது. தம் கட்சி ஆட்சிக்கு வந்தால் தொழில் செழிக்கும், மாற்றுக் கட்சி வந்தால் நசியும் என்ற கணிப்பே முதலீட்டுக் கணக்காகிறது.

இது சிவகாசிக்கு மட்டும் உரிய மனநிலையன்று. அமெரிக்காவில் அதிபர் மாறும்போதெல்லாம் வென்ற கட்சி ஆதரவாளர்களின் பொருளாதார நம்பிக்கை உயர்வதையும், தோற்றவர்களின் நம்பிக்கை சரிவதையும் மியான், சூஃபி, கோஷ்கூ ஆகிய ஆய்வாளர்கள் பதிவுசெய்தனர். ஆனால், குடும்பங்களின் செலவு அதற்கேற்ப மாறவில்லை. வேறோர் ஆய்வோ, தம் கட்சி வென்றபின் அதன் ஆதரவாளர்கள் கூடுதலாகத் தொழில் தொடங்குவதைக் காட்டியது. நம்பிக்கை எல்லோருக்கும் உண்டு. அதை முதலீடாக மாற்றும் வாய்ப்பு மூலதனம் உள்ளவர்க்கே உண்டு.

பட்டாசுத் தொழிலின் அண்மை வரலாறு இக்கணிப்புகளைச் சோதிக்க உதவும். பேரியம் உப்புகளுக்கும் சரவெடிக்கும் உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தடை விதித்தது. 2019இல் ஒன்றியத்தில் அதே ஆட்சி தொடர்ந்தது. 2021இல் மாநில ஆட்சி மாறியது. தடை நீங்கவில்லை. 2021 அக்டோபரில் அது மீண்டும் வலியுறுத்தப்பட்டது. 2023 செப்டம்பரிலும் பேரியத்துக்கு அனுமதி கிட்டவில்லை.

அரசியலுக்குப் பங்கே இல்லை என்று நாம் கூறவில்லை. தில்லியில் ஆட்சி மாறிய 2025ஆம் ஆண்டு, ஒன்றிய, தில்லி அரசுகளின் ஆதரவோடு, பசுமைப் பட்டாசுகளுக்குச் சில நாள் அனுமதி கிடைத்தது. சந்தை சற்றே திறந்தது. ஆனால், பேரியத் தடை அப்படியே நின்றது.

கணிப்பு பிழைத்தால் இழப்பு யாருக்கு? தடையை எதிர்த்து 2018 நவம்பரில் ஆலைகள் மாதக்கணக்கில் மூடப்பட்டபோது, துண்டுக்கூலியை நம்பிய குடும்பங்களே முதலில் பட்டினியை எதிர்கொண்டன. அவர்களுள் தலித்துகள் கணிசமானோர். எதிர்பார்ப்பு மிகுந்து உற்பத்தி முடுக்கப்படும்போதும் ஆபத்து அவர்களுக்கே. அறைகள் உள்குத்தகைக்குப் போகின்றன. அறைக்குள் ஆட்கள் கூடுகிறார்கள். மருந்து வீட்டுக்குள் வருகிறது. 2012இல் முதலிப்பட்டியில் குறைந்தது 38 பேர் மாண்டனர். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்த ஆலை பலருக்குக் குத்தகைக்கு விடப்பட்டிருந்தது. அதே ஆண்டு தாயில்பட்டியில் வீட்டுக்குள்ளேயே வெடி வெடித்து உயிர்கள் பறிபோயின.

முதலாளி தம் பணத்தை முதலீடு செய்கிறார்; தொழிலாளி தம் உடலை வைக்கிறார். ஆகவே, எந்தக் கட்சி வந்தால் தொழில் செழிக்கும் என்ற கேள்வியோடு உழைக்கும் மக்கள் நின்றுவிடலாகாது. உள்குத்தகை ஒழிக்கப்படுமா? ஆலை மூடப்படும் நாள்களுக்கு ஈட்டுத்தொகை உண்டா? விபத்தில் இறந்த தொழிலாளர்களின் பிள்ளைகளது கல்விச் செலவை அரசே ஏற்கும் என 2024 நவம்பரில் முதல்வர் விருதுநகரில் அறிவித்தார். அது எத்தனை பிள்ளைகளைச் சென்றடைந்தது? வாக்குக் கேட்டு வரும் ஒவ்வொரு கட்சியும், நமக்கு உவப்பான கட்சி உட்பட, இவற்றுக்கு விடையளிக்க வேண்டும்.